பெயர்களை எண்ணிப் போட்ட வரி

சென்ற மாதம் வரி அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு மதிய விருந்து வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த இளம் அதிகாரி தன் தொலைபேசியைத் திறந்து காட்டினார். மின்கட்டணம், வாகனப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே இலக்கத்தில் வந்து கோர்த்துக்கொள்கின்றனவாம். இனி யாரும் தப்ப முடியாதாம்.

"உங்கட காலத்தில இதெல்லாம் இல்லாம எப்பிடி அங்கிள் ஆக்களைப் பிடிச்சீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று இத்தனை வருடம் காத்திருந்தவன்போல நான் பேசத் தொடங்கினேன். ஐஸ்கிரீம் வந்து, கரைந்து, கோப்பையில் தண்ணீராகிப் போனது. நான் நிறுத்தவில்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். "அங்கிள் நீங்க சும்மா ஆளில்லை" என்றார் ஒருவர். பஸ்ஸில் ஏறி அமர்ந்த பிறகுதான் வெட்கம் வந்தது. நான் பாதிக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

போட்டிப் பரீட்சை எழுதி வரி மதிப்பீட்டாளனாகச் சேர்ந்தேன். பயிற்சியில் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ததைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. தொழிலைத் தெருவில்தான் கற்றேன். கணக்கு வைத்திராத வியாபாரிக்கு வரும்படி எவ்வளவு என்று மதிப்பிட்டு வரி போட எங்களுக்கு அதிகாரம் இருந்தது. அந்த மதிப்பீட்டுக்கு ஓர் ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். சலூனுக்குப் போனால் கொடியில் காயும் துவாய்களைப் பார்ப்பேன். சாப்பாட்டுக் கடையென்றால் பின்கதவில் அடுக்கியிருக்கும் முட்டைத் தட்டுகள். லோண்டரியென்றால் இஸ்திரிப் பெட்டிக்கான கரிச் சாக்கு. ஒரு கடைக்குள் நுழைந்து ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் அதன் மாத வரும்படி என் தலைக்குள் வந்து நிற்கும். பிறகு கணக்குப் புத்தகத்தைக் கண்டுபிடித்துப் பார்த்தால் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சதுரங்கம் ஆடுகிறவருக்கு விளங்கும்.

என்னால் பிடிக்க முடியாமல் இருந்தது ஒன்றே ஒன்று: வீடுகளில் ஆட்களை வாடகைக்கு வைத்திருப்போர்.

போர் நடந்த ஆண்டுகள் அவை. வடக்கிலிருந்து வந்தவர்களும், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களும், தேயிலைத் தோட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களும் தலைநகரில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறைந்திருந்தார்கள். ஓர் அறையில் ஆறு பேர், விறாந்தையில் நான்கு பேர். கதவைத் தட்டினால் எல்லா வீட்டுக்காரரும் "எங்கட சொந்தக்காரர்தான்" என்பார்கள். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பார்த்தேன். ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், செருப்புகளை உள்ளே எடுத்து வைக்கப் பழகிவிட்டார்கள்.

அப்போதுதான் போர்ச் செலவுக்காக விதிக்கப்பட்ட பாதுகாப்பு வரி எங்கள் மேசைக்கு வந்தது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வருமான வரியில் செலவைக் கழித்து மிச்சத்துக்கு வரி போடுவோம். இது அப்படியல்ல. கைக்கு வந்த ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பங்கு. வீட்டு வாடகை கொடுத்தேன், அரிசி வாங்கினேன் என்று எதையும் கழிக்க முடியாது. ஆயிரம் ரூபாய் வாங்கி நானூறு மிச்சம் பிடிப்பவருக்கும், ஆயிரம் வாங்கி முப்பது மிச்சம் பிடிப்பவருக்கும் ஒரே வரி. சிறியவர்களுக்காக ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே வரும்படி இருந்தால் வரி இல்லை. அதைத் தாண்டினால் முழுவதற்கும் உண்டு.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பின்னேரம் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். வழக்கமான வீட்டுச் சோதனைதான். என் மனைவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் பொலிஸ் பதிவுப் பத்திரம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருடைய பெயர், வயது, சொந்த ஊர், வந்த காரணம், கீழே முத்திரை. தமிழர் வீடுகள் எல்லாவற்றிலும் அப்போது அந்தப் பத்திரம் இருந்தது. அவர்கள் பத்திரத்தைப் பார்த்தார்கள், எங்கள் தலைகளை எண்ணினார்கள், சரியென்று போனார்கள்.

நான் மனைவியின் கையிலிருந்த அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரிக்காரனுக்குப் பொய் சொல்லலாம். பெயர் இல்லாதவரைப் பொலிஸ் பிடித்துப்போகும் என்பதால் இந்தப் பத்திரத்தில் யாரும் பொய் எழுதமாட்டார்கள். வாடகைக்கு இருக்கும் ஒவ்வொருவருடைய பெயரும் இதில் இருக்கும், முத்திரையோடு, நேற்றைய திகதி வரைக்கும்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்றாள் மனைவி.

சொன்னேன். அவள் உறையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். "எங்களைப் பிடிக்கிறதுக்கு அவங்கள் செய்து வச்சதை வச்சு நீங்களும் பிடிக்கப் போறியளோ? நல்ல உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த நாளே கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு வீட்டைத் தட்டினேன். வீட்டுக்காரர் இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எத்தனை பேர் இருக்கினம் அண்ணை?"

"நானும் மனுசியும் மச்சானும். வேற ஆர் இருக்கப்போகினம்?"

"பொலிஸ் ரெஜிஸ்ரேஷனைக் காட்டுங்கோ."

அவர் யோசிக்கவே இல்லை. கை தானாகக் கதவுக்குப் பின்னால் போனது. பத்திரம் என் கைக்கு வந்தது. பதினாறு பெயர்கள். நான் எழுதத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"தம்பி, நீர் பொலிஸோ டெக்ஸோ?"

"டெக்ஸ்தான்."

"அப்ப ஏன் உந்தப் பத்திரத்தைக் கேட்டனீர்?"

"கேட்டன். நீங்கள் தந்தியள்."

அந்தப் பதிலை அன்று முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். அந்தக் கிழமையில் அதுவரை ஒரு வருடத்தில் பிடித்ததைவிடக் கூடுதலான கோப்புகளைத் திறந்தேன். ஒழுங்கை ஒழுங்கையாக ஓடினேன். மதியம் சாப்பிட மறந்தேன்.

எங்கள் மேலதிகாரி குலதுங்க. சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசாத மனிதர். கோப்பு ஒன்று அவரிடம் போனால் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். முடிவை எழுதிவிட்டுத்தான் பலர் காரணம் தேடுகிறார்கள் என்பது அவருடைய எண்ணம். படித்து முடித்ததும் பேனாவை மூடி, மேசையில் தனக்கு நேராக வைப்பார். பேனாவை மூடிய பிறகுதான் கேள்வி வரும். புதிய வழி எதையும் யார் கொண்டுபோனாலும் அவரிடம் ஒரே சோதனைதான்: "இதை என் வீட்டிலும் வந்து செய்ய முடியுமா?" அவர் வீடு சிங்களவர் வாழும் நுகேகொடையில்.

என் கோப்புகளையும் கடைசியிலிருந்து படித்தார். பேனாவை மூடினார்.

"நாதன், என் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸிலும் இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். என் வீதியில் எல்லா வீட்டிலும் போடிங் பிள்ளைகள்தான். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

விடை எனக்குத் தெரியும். கண்டுபிடிக்க முடியாது. நுகேகொடையில் அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியும் இல்லை, உறையும் இல்லை. சட்டத்தில் தமிழர், சிங்களவர் என்ற சொல்லே கிடையாது. விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வரி போய் விழுவது தகவல் கிடைக்கும் இடத்தில். தமிழர் வீட்டில் மட்டும் தகவல் கதவிலேயே தொங்கியது. போரிலிருந்து ஓடிவந்தவன் படுக்கும் பாயிலிருந்து போருக்குப் பணம் எடுத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவும் அந்த நேரமே எனக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் சொன்னது இதுதான்: "சேர், உங்களைப் பிடிக்கத் தேவையில்லை. நீங்களாகவே வந்து சொல்லிவிட்டீர்களே."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். குலதுங்கவும் சிரித்தார். சிரிப்பில் கேள்வி போய்விட்டது. அவர் பேனாவைத் திறந்து ஒப்பமிட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன்? அந்தக் காலத்தில் தமிழ் அதிகாரி தமிழ் வியாபாரிக்கு ஐந்து ரூபாய் தள்ளிக் கொடுத்தாலும் கண் வைப்பார்கள். என் ஆட்களுக்கு நான் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதில் வெறியாக இருந்தேன். அதைவிட, கண்டுபிடித்தது நான். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

வெள்ளவத்தை முடிந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கேதான் பாக்கியம் அம்மாவின் வீடு. தேவாலயத்துக்குப் பின்புறம் பழைய மாடி வீடொன்றின் மேல் தளத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். ஹற்றன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர், புருஷன் இல்லை. தோட்டங்களிலிருந்து கடைகளுக்கும் தையல் ஆலைகளுக்கும் வேலைக்கு வந்த பெண் பிள்ளைகளுக்குப் பாயும் இரண்டு வேளைச் சோறும் கொடுத்து மாதம் ஒரு தொகை வாங்கினார். நீண்ட அறை. சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பை. பத்திரத்தைக் கேட்டேன், கொடுத்தார். அவரைத் தவிரப் பதினொரு பெயர்.

கணக்குப் போட்டேன். வரம்பைத் தாண்டியிருந்தது. வீட்டு வாடகையும் அரிசியும் மீனும் போக அவருக்கு மிஞ்சுவது ஒரு பிள்ளையின் சம்பளமும் வராது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நான் பார்க்க வேண்டியது மிச்சத்தை அல்ல.

"இம்புட்டு நான் எங்கிட்டுப் போயிக் கட்டுவேங்க ஐயா?" என்று கேட்டார். அழவில்லை. பிறகு, "எத்தன பேரு வரைக்கும் வரி இல்லீங்க?" என்றார்.

"நீங்கள் வாங்கிற தொகைக்கு எட்டுப் பேர் வரைக்கும் இல்லை அம்மா."

அதை உதவி என்று நினைத்துத்தான் சொன்னேன். கணக்கைத் தாளில் போட்டும் காட்டினேன். இது முதல் தரம் என்பதால் இப்போதைக்கு வரி போடாமல் விடுகிறேன், மூன்று மாதம் கழித்து மறுபடி வருவேன் என்றேன்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது பத்திரத்தில் எட்டுப் பெயர். முத்திரை புதிது. நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். ஆணிகளில் பதினொரு பைகள் தொங்கின. ஒன்றொன்றாக எண்ணினேன். பாக்கியம் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வரம்புக்குள்" என்று எழுதிக் கோப்பை மூடினேன். படியிறங்கும்போது நான் ஒரு நல்ல மனிதன் என்ற எண்ணம் எனக்கு வந்தது. மூன்று பிள்ளைகள் அந்த வீட்டில் பதிவில்லாமல் இருக்கிறார்கள், வெளியே ஒவ்வொரு சந்தியிலும் சோதனைச் சாவடி இருக்கிறது என்ற இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

சில கிழமைகள் போயின. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அலுவலக வாசலில் கிடந்த மர வாங்கில் பாக்கியம் அம்மா உட்கார்ந்திருந்தார். வியர்வையில் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தேவியப் புடிச்சுட்டாங்க ஐயா. பஸ்ஸ நிப்பாட்டி எறக்கிட்டாங்க."

தேவி துணிக்கடையொன்றில் வேலை செய்த பத்தொன்பது வயதுப் பிள்ளை. எழுதாமல் விட்ட மூன்று பெயர்களில் ஒன்று. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த துண்டு மட்டும் கையில் இருந்தது. எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள், சொல்லியிருக்கிறாள். பதிவைப் பார்த்தால் அவள் பெயர் இல்லை.

"ஏன் அம்மா அந்தப் பிள்ளையை எழுதாமல் விட்டீங்கள்?"

"நாங்க தோட்டத்து ஆளுங்க, எங்கள யாரு புடிக்கப் போறான்னு நெனச்சேங்க. மூணு பேர வெளிய போன்னு சொல்ல முடியுமா? எங்க போவாங்க?" குரலைத் தாழ்த்தினார். "நான் போயிச் சொன்னா, ஏன் மறைச்சேன்னு என்னையும் உள்ள வச்சிருவாங்க. மத்தப் பிள்ளைங்க கதி? நீங்க கவருமெண்டு ஆளு. ஒரு வார்த்த வந்து சொல்லுங்க, அவ நம்ம வீட்டுப் பிள்ளதான்னு. ஒங்களுக்குத் தெரியும். ஆணிய எண்ணுனீங்களே."

எண்ணியதை அவர் கண்டிருந்தார்.

பொலிஸ் நிலையம் பஸ்ஸில் போனால் கால் மணி நேரத் தூரம். "நீங்கள் வீட்டுக்குப் போங்கோ, நான் பொலிஸுக்குப் போயிட்டு வாறன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நம்பினார், போனார்.

நான் மேசைக்குப் போய் அவருடைய கோப்பை எடுத்தேன். பதினொருவர் இருந்தது எனக்குத் தெரியும் என்று நான் பொலிஸில் சொன்னால், எட்டு என்று ஏன் எழுதினாய் என்று அலுவலகம் கேட்கும். தமிழன் தமிழச்சிக்கு மறைத்துக் கொடுத்தான் என்ற பேச்சு வரும். பாதுகாப்பு விஷயத்தில் என்றால் பேச்சோடு நிற்காது. தலை வழக்கம்போல வேகமாக ஓடியது. பரிசோதனை நாளன்று வீட்டுக்காரர் கூறியதை ஏற்றுக்கொண்டேன், வேறு எவரும் காணப்படவில்லை என்று ஒரு குறிப்பை அழகான கையெழுத்தில் எழுதிப் பழைய திகதி இட்டேன். மூன்று முறை திருத்தினேன். நாலரை மணி ஆகிவிட்டது. நாளைக்குப் போகலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, "நேற்று அந்த மனுசி எத்தினை தரம் வாசலைப் பார்த்திருக்கும்?" என்று கேட்டாள். குடிக்காமல் எழுந்தேன்.

நேரே குலதுங்கவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அவர் கேள்விக்குப் பகிடி சொல்லித் தப்பியதையும், ஆணிகளையும், பொய்த் திகதியையும். அவர் பேனா அன்று திறக்கப்படவே இல்லை. எழுந்து காரின் சாவியை எடுத்தார். வழியில் ஒரே ஒரு முறைதான் பேசினார்.

"என் அனெக்ஸில் இருக்கும் பிள்ளைகளின் முழுப் பெயர் எனக்கே தெரியாது நாதன். யாரும் இதுவரை கேட்டதில்லை."

நிலையத்தில் அவர் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். முதல் நாள் ஐந்து மணி வரைக்கும் அந்தப் பிள்ளை அங்கேயே இருந்திருக்கிறாள். யாராவது வந்து பொறுப்பெடுப்பார்கள் என்று வைத்திருந்தார்களாம். யாரும் வரவில்லை. வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் மூன்றாம் முறை அந்தக் குறிப்பைத் திருத்திக்கொண்டிருந்த நேரம் அவள் அங்கே வாங்கில் இருந்திருக்கிறாள்.

எங்கே கொண்டுபோனார்கள் என்று கண்டுபிடிக்கவே பல கிழமைகள் ஆயின. குலதுங்க கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். அவற்றைச் சுமந்துகொண்டு அலுவலகம் அலுவலகமாக நான் ஓடினேன். முன்பு வரிக்கு ஓடிய அதே ஓட்டம், அதே படபடப்பு. ஒரு கையொப்பம் கிடைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருக்கும், அடுத்த வாசலில் அது போதாது என்பார்கள். மாரி மழை ஓய்ந்த பிறகுதான் தேவி வெளியே வந்தாள். குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். துணிக்கடையில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அவள் அனுப்பும் பணம் நின்றதால் தோட்டத்தில் அவளுடைய தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுக் கூலிக்குப் போயிருந்தான். அவன் திரும்பப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பொலிஸ் பத்திரத்தைப் பார்த்து இனி யாருக்கும் வரி போடக்கூடாது என்று குலதுங்க எழுத்தில் உத்தரவிட்டார். என் பொய்க் குறிப்புக்காக என் சம்பள உயர்வை ஒரு வருடம் நிறுத்தினார். அதையும் அவரே ஒப்பமிட்டு, அவரே என் கையில் தந்தார். ஏற்கனவே போட்ட வரிகளை நீக்க மட்டும் அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை. அந்த ஒழுங்கையில் பதினாறு பெயர்ப் பத்திரத்தைத் தந்தவர் கட்டினார். மற்றவர்களும் கட்டினார்கள். நுகேகொடையில் யாரும் கட்டவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் பாக்கியம் அம்மா மறுபடி வந்தார். பிளாஸ்டிக் உறையைக் கையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். புதிய பத்திரம். முதல் பெயர் தேவியுடையது.

"இனி இதைக் காட்டத் தேவையில்லை அம்மா. நாங்கள் கேட்கமாட்டம்."

"நீங்க கேக்காட்டியும் பரவால்லைங்க. பதினொரு பேரையும் எழுதிட்டேன். வரியப் போடுங்க. இனிமே ஆளக் கொறச்சு எழுத மாட்டேன்."

தானாக வந்து வரும்படியை அறிவிப்பவரைத் திருப்பி அனுப்ப எனக்குச் சட்டம் இல்லை. போட்டேன். முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து முதல் தவணையை அப்போதே கட்டினார். ரசீதை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் பேரு மட்டுந்தான் இருக்குதுங்களே."

"வரி கட்டுகிறவரின் பெயர்தான் வரும் அம்மா."

"கட்டுறது அவங்கதாங்க. ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிட்டேன், வேற எங்க போவேன்? பிள்ளைங்க சரின்னுட்டாங்க. அவங்க பேரும் இருந்தா, ரோட்டுல நிப்பாட்டுனா காட்டலாம். கவருமெண்டு சீலு இருக்குதில்ல."

நான் ரசீதைப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர் எழுத ஒரே ஒரு கோடு.

"படிவத்தில் அதுக்கு இடமில்லை அம்மா" என்றேன்.

"சரிங்க ஐயா" என்று மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்த ரசீதின் பின்பக்கம், பதினொரு பெயரும் எழுதும் அளவுக்கு, முழுவதும் வெறுமையாக இருந்தது. பேனா என் கையில் திறந்தபடியே இருந்தது.